டேப்லெட்டுக்கு (டேப்) வாட்டர்ப்ரூஃப் கவர்னு 2,350 ரூபாய் வாங்கிட்டு ஏமாத்திட்டான். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் ஆளுங்க கவனமா இருங்க

2,350 ரூபாய். ஒரு ரப்பர் கவருக்கு. இன்னைக்குக் காலையில அந்த ஆளு என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். கோவம் ஆறுனா "போய்த் தொலையுது"ன்னு விட்டுருவேன், அதான் சூட்டோட சூடா எழுதுறேன்.

பேரு சொல்ல மாட்டேன், புகார் கொடுத்திருக்கு. வகையை மட்டும் சொல்றேன். கடை கிடையாது, போர்டு கிடையாது. ரீல்ஸ் வீடியோ போட்டு, வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுத்து, கூரியர்ல அனுப்புற பக்கம். மொபைல் கவர், டேப் கவர், சார்ஜர், ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் விக்கிறாங்க. பின்தொடர்ற கூட்டமும் நிறைய.

எங்களுக்கு மண்டபத்துல வடகடல் பக்கம் நண்டு வியாபாரம். வல்லம், அதான் நாட்டுப் படகு, கரைக்கு வந்ததும் நண்டை எடை போட்டு, சைஸ் பிரிச்சு, யாருக்கு எவ்வளவுன்னு ஏத்துறது என் வேலை. முன்னாடி நோட்டு. நோட்டு நனைஞ்சு மை ஊறி, கடைசியில "எனக்கு நாலு கிலோ குறையுது"ன்னு சண்டை வரும். பையன் ஆன்லைன் கிளாஸுக்கு வாங்குன சாம்சங் டேப் ஏ7 வீட்டுல சும்மா கெடந்துச்சு, அதுல கணக்கு போட ஆரம்பிச்சேன். அருமையா இருந்துச்சு. ஆனா எங்க கரையைப் பத்தித் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்: கூடையைத் தூக்குனா தண்ணி, இறக்குனா தண்ணி, காத்துலயே உப்பு. அதனாலதான் கவர் தேடுனேன். அழகுக்கு இல்ல.

அந்த வீடியோ இப்பவும் கண்ணுல நிக்குது. டேப்பை கவரோட ஒரு வாளித் தண்ணிக்குள்ள முக்கி எடுத்து, துடைச்சுட்டு, பாட்டு ஓட விடுறான். கீழ "ஐபி 68, மிலிட்டரி கிரேடு", அதாவது தூசியும் தண்ணியும் புகாதுன்னு. நான் வீடியோவை மட்டும் பாத்து பணம் போடுற ஆளு இல்ல. கேட்டேன். தெளிவாவே கேட்டேன்: "தம்பி, இது கடத்தண்ணி, நல்ல தண்ணி இல்ல. தாங்குமா?" வாய்ஸ் நோட்ல பதில் வந்துச்சு: "அக்கா, நானும் கடக்கரை ஆளுதான். எங்க சித்தப்பா போட்ல இதைத்தான் வச்சிருக்காரு. நீங்க கடலுக்குள்ளயே போட்டாலும் ஒண்ணும் ஆகாது, நான் கேரண்டி." அந்த 'அக்கா'வும் 'கடக்கரை ஆளு'வும்தான் என்னைச் சாய்ச்சது. பேச்சும் நம்ம பக்கத்துப் பேச்சு மாதிரியே இருந்துச்சு. எந்த ஊரு ஆளுகிட்ட எந்தப் பேச்சு எடுபடும்னு தெரிஞ்சு வச்சிருக்கானுங்க.

அடுத்து மாடல் கேட்டான். ஏ7, 10.4 இஞ்ச்னு போட்டோவே எடுத்து அனுப்புனேன். "செட் ஆகும் அக்கா, ஏ7 ஏ8 ரெண்டுக்கும் ஒரே கவர்தான்." பொருள் வந்ததும் பணம் தர்றேன்னேன். "இந்த அயிட்டத்துக்கு அந்த வசதி இல்லக்கா, ஸ்டாக்கு தீரப்போகுது." க்யூஆர் கோடு வந்துச்சு. 2,350 ரூபாய் போட்டேன். பணம் போன பேரு பக்கத்தோட பேரும் இல்ல, கடைப் பேரும் இல்ல, யாரோ ஒரு தனி ஆளு. கேட்டதுக்கு "எங்க அக்கவுண்டன்ட்".

கவர் வந்துச்சு, ஏ8 சைஸுல. ஏ7 அகலம் 157.4 மில்லிமீட்டர். ஏ8 அகலம் 161.9. நாலரை மில்லிமீட்டர் வித்தியாசம். மொபைலுக்குச் சாதாரண கவர்னா ஏதோ ஒப்பேத்தலாம், தண்ணி புகக்கூடாதுன்னு வாங்குற கவர்ல நாலரை மில்லிமீட்டர்னா அது வாசல். அப்பன் சட்டையைப் புள்ளைக்கு மாட்டுன மாதிரி உள்ள டேப் ஆடுது. சுத்தி ஓடவேண்டிய சிலிக்கான் ரப்பர் வளையமே கிடையாது. சார்ஜ் போடுற இடத்து மூடி அழுத்துனா மூடுது, கையை எடுத்தா தொறக்குது. அன்னைக்கே போட்டோ எடுத்து அனுப்புனேன். "அது போகப்போக டைட் ஆயிரும்க்கா, புது ரப்பர் அப்படித்தான்." வேற சைஸ் அனுப்புன்னேன். "ஸ்டாக்கு வரட்டும், மாத்தித் தர்றேன், அதுவரைக்கும் தைரியமா யூஸ் பண்ணுங்க."

அந்த வாரமே காத்தடிச்ச ஒரு நாள், ஐஸ் பெட்டி மேல வச்சிருந்த டேப் மேல ஒரு கூடைத் தண்ணி. கடலுக்குள்ள போடல, வாளியில முக்கல. கூடையில வடிஞ்ச தண்ணி, அவ்வளவுதான். திரையில ஒரு ஓரம் வேலை செய்யல, மறுநாள் சார்ஜும் ஏறல. ராமநாதபுரத்துல ரிப்பேர் பாக்குற தம்பி பிரிச்சுக் காட்டுனாரு, சார்ஜிங் போர்டு முழுக்க பச்சை பூத்துக் கெடக்கு. டிஸ்ப்ளேயும் சேத்து 5,600 ஆகும்னாரு. கவருக்கு 2,350, ரிப்பேருக்கு 5,600. 7,950 ரூபாய் என்கிட்ட மரத்துல காய்க்கல.

இனிமேதான் கூத்தே. போன் பண்ணேன். மொதல்ல "அன்பாக்ஸிங் வீடியோ இருக்காக்கா?" பார்சலைப் பிரிக்கிறப்போ எடுக்குற வீடியோவாம். எதுக்குடா, நான் பொருள் வரலைன்னா சொல்றேன்? அப்புறம் "கல்யாண வீட்ல இருக்கேன், சாயங்காலம் கூப்புடுறேன்." அந்தச் சாயங்காலம் வரவே இல்ல. அப்புறம் "குடோன்ல கேட்டுச் சொல்றேன்." விடாம கூப்புட்டதும் வேற ஒருத்தன் லைன்ல வந்தான், குரல்ல அக்காவும் இல்ல தங்கச்சியும் இல்ல: "மேடம், உப்புத் தண்ணிக்கு கேரண்டி கிடையாது. டெஸ்ட்டே நல்ல தண்ணியிலதான்."

இதுல என்ன கொடுமைன்னா, அவன் சொன்னதுல பாதி உண்மை. ஐபி சோதனை நல்ல தண்ணியில வச்சுத்தான் பண்றாங்க. 6-ன்னா தூசி புகாது. 7-ன்னா ஒரு மீட்டர் ஆழத்துல அரைமணி நேரம். 8-ன்னா அதுக்கும் மேல, எவ்வளவு ஆழம் எவ்வளவு நேரம்ங்கிறதை தயாரிக்கிற கம்பெனியே சொல்லணும். சொல்லாம சும்மா 'ஐபி 68'னு ஒட்டியிருந்தா அது வெறும் ஸ்டிக்கர். இதெல்லாம் தெரிஞ்ச ஆளு, நான் கடத்தண்ணின்னு கேட்டப்போ ஏன் வாயைத் தொறக்கல?

அந்த வாய்ஸ் நோட்டை அவனுக்கே திருப்பி அனுப்பலாம்னு தேடுனா, காணோம். மேல ஏறிப் பாத்தா, பேச ஆரம்பிச்ச அன்னைக்கே மெசேஜ் தானா மறையுற செட்டிங்கைப் போட்டு வச்சிருக்கான். ஏழு நாள்ல எல்லாம் போயிருச்சு. விலை, கேரண்டி, "ரெண்டுக்கும் ஒரே கவர்", எல்லாம். எங்க கொழுந்தனுக்கு அந்த வாய்ஸை அப்பவே அனுப்பி "நமக்கும் ஒண்ணு சொல்லவா"ன்னு கேட்டிருந்தேன். அவன் போன்ல பத்திரமா இருக்கு. "மதினி, இதை அழிச்சிராதீங்க, இதுதான் சாட்சி"ன்னு அவன்தான் சொன்னான். அதை அனுப்புனதும் மேடம் மறுபடி அக்கா ஆனாங்க: "அடுத்த ஆர்டர்ல 500 தள்ளுபடி தர்றோம்க்கா." அடுத்த ஆர்டராம். முடியாது, 2,350 ரூபாயையும் திருப்பிக் கொடுன்னேன். இன்னைக்குக் காலையில பிளாக். வீட்டுக்காரரு நம்பர்ல கூப்புட்டா "ராங் நம்பர்".

1915-ல சொல்லியாச்சு. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். பணம் போன ஸ்கிரீன்ஷாட், கூரியர் சீட்டு, அந்த வாய்ஸ் எல்லாம் எடுத்து வைக்கச் சொன்னாங்க. அசையலைன்னா ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. ஆன்லைன்ல விக்கிறவங்க குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்லக்கூடாதுன்னு 2020-லயே விதி வந்திருக்கு, பல பேருக்கு இது தெரியல.

எப்படி நல்ல கவர் பாத்து வாங்குறதுன்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன். எழுத எழுத கோவம்தான் வருது, அதனால முக்கியமானதை மட்டும் சொல்லிடுறேன். டேப் செட்டிங்ஸ்ல மாடல் நம்பர் இருக்கும், இஞ்ச் கணக்கைச் சொல்லாம அந்த நம்பரைச் சொல்லி வாங்குங்க. கவர் வந்ததும் டேப்பைப் போடாதீங்க. உள்ள டிஷ்யூ பேப்பரை வச்சு மூடி, மேல கல்லை வச்சு அரைமணி நேரம் வாளியில முக்குங்க, பேப்பர் நனைஞ்சா கவர் பொய். தோல் மாதிரி மடக்குற கவர்ல காந்தம் இருக்கும், போட்ல திசை பாக்குறவங்க அதை வாங்காதீங்க, டேப்ல இருக்கிற திசைகாட்டி தப்பாக் காட்டும். கரையில நிக்கிறவங்களுக்கு வல்லத்துல போற பயலுக கழுத்துல மாட்டிட்டுப் போற பிளாஸ்டிக் பையே போதும், டேப் சைஸுலயும் கிடைக்குது. மெசேஜ் மறையுற செட்டிங் போட்டு வச்சிருக்கிறவன்கிட்ட ஒரு ரூபாய்க்குக் கூட வியாபாரம் வேணாம்.

கறுப்புக் கவர், ஓரத்துல ஆரஞ்சுக் கோடு, பின்னாடி கை நுழைக்கிற வாரு. இதே கவரை இதே மாதிரி பக்கத்துல வாங்கி ஏமாந்தவங்க யாராச்சும் இருந்தா, பணம் போன ரசீதோட எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க. ஒரே ஆளுக்குத்தான் பணம் போயிருக்குன்னா சேந்தே புகார் கொடுக்கலாம். பக்கத்தோட பேரை மட்டும் இங்க பொதுவுல போட்டுறாதீங்க, அவன் பேரை மாத்திட்டு ஓடிருவான்.