டிஸ்சார்ஜ் மருந்துக் கவரை நம்பி அம்மா ஆறு நாள் சாப்பிட்ட மாத்திரை

என் மேஜையில் இரண்டு மருந்துக் கவர்கள் இருக்கின்றன. மருந்துக்கடையில் தரும் சாதாரண வெள்ளைக் காகிதக் கவர்கள்தான். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் அச்சடித்தவை. ஒன்றின் மேல் நீலப் பேனாவால் 'திங்கள் முதல் சனி, இரவு 1' என்று எழுதியிருக்கிறது. இன்னொன்றில் 'ஞாயிறு மட்டும் 1'. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. உள்ளே போட்ட மாத்திரைதான் மாறிப் போயிருந்தது.

அம்மாவுக்கு 63 வயது. விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் டம்ளரைக் கூடப் பிடிக்க முடியாமல், கூடவே காய்ச்சலும் வந்ததால் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஐந்து நாள் இருந்தார். முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று கண்டுபிடித்தார்கள். அதுவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. டாக்டர் நிதானமாகப் பேசினார். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எல்லாம் சரியாகவே டைப் செய்திருந்தது: மெத்தோட்ரெக்சேட் 7.5 மில்லிகிராம், வாரம் ஒரு முறை, ஞாயிறு மட்டும். ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம், மற்ற ஆறு நாளும். ஆனால் ஆங்கிலத்தில். அம்மாவுக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும்.

சனிக்கிழமை மதியம் 12 மணிக்கு டிஸ்சார்ஜ் என்றார்கள். மாலை ஆறு மணி வரை 'ஃபார்மசி கிளியரன்ஸ் வரலை' என்று உட்கார வைத்தார்கள். மருந்தை வெளியில் வாங்கிக்கொள்கிறோம் என்று என் கணவர் கேட்டதற்கு, 'இங்க வாங்கினாத்தான் சார் ஃபைனல் பில் க்ளோஸ் ஆகும்' என்று பதில். கீழே கவுண்டரில் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி கூட்டம். கடைசியில் ஒரு பையன் ஒன்பது கவரைப் பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்து, 'எல்லாம் கவர்லயே எழுதியிருக்கு சார், அடுத்தது யாரு?' என்றான். மருந்து மட்டும் 4,860 ரூபாய். எப்படியாவது வீட்டுக்குப் போனால் போதும் என்ற நிலையில் இருந்தோம். ஒரு கவரைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. என் தவறும் இதில் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

அம்மா மருந்து விஷயத்தில் படு ஒழுங்கு. சாமி படத்துக்குக் கீழே கவர்களை வரிசையாக அடுக்கி, எழுதியிருந்தபடியே சாப்பிட்டார். ஞாயிறு ஒரு ஃபோலிக் ஆசிட். திங்கள் முதல் சனி வரை தினம் ஒரு மெத்தோட்ரெக்சேட்.

இந்த இடத்தில் அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய்க்குப் பெரிய அளவில் கொடுக்கும் மருந்து. அதையே மிகக் குறைந்த அளவில், வாரத்துக்கு ஒரே ஒரு முறை கொடுத்தால் முடக்குவாதத்துக்கு நன்றாக வேலை செய்கிறது. உடம்பில் ஃபோலிக் அமிலம் செய்யும் வேலையை அது தடுக்கும். அதனால்தான் பாதுகாப்புக்கு ஃபோலிக் ஆசிட் மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பது. எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டுமே சின்னதாக, மஞ்சளாக இருந்தன. வாரம் ஒன்று போக வேண்டியது தினமும் போனால் எலும்பு மஜ்ஜை அடிவாங்கும், வாய், குடல் எல்லாம் புண்ணாகும், உயிரே போகலாம். அம்மாவுக்கு நடந்தது இரட்டைக் கேடு. விஷமாகக் கூடியது தினமும், அதைத் தணிக்கிறது வாரம் ஒரு தடவை.

வெள்ளிக்கிழமை ரசம் சாதம் எரிகிறது என்றார். காரம் கூடிவிட்டது என்று நினைத்து மோர்சாதம் பிசைந்து கொடுத்தேன். அதுவும் எரிந்தது. சனிக்கிழமை உதட்டின் உட்பக்கம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு, ராத்திரி 102 டிகிரி காய்ச்சல். ஞாயிறு காலையில் எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கலாமே என்று பையைக் கவிழ்த்து, சம்மரியோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கை நடுங்கிவிட்டது. மூன்று ஸ்ட்ரிப்பில் ஒன்றில் ஆறு குழி காலி. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'கவர்ல போட்டிருந்தபடிதானடி சாப்பிட்டேன்?' என்றார், ஏதோ தான் தப்புச் செய்த மாதிரி.

வேறு மருத்துவமனைக்கு ஓடினோம். வெள்ளை அணுக்கள் 1,900. குறைந்தது 4,000 இருக்க வேண்டியது. மெத்தோட்ரெக்சேட்டின் விஷத்தை முறிக்கும் ஃபோலினிக் ஆசிட் ஊசி, ஆன்டிபயாடிக், தனி அறை, மாஸ்க் என்று எட்டு நாள். 68,000 ரூபாய் ஆனது. சரி, ஆள் பிழைத்து வந்துவிட்டார். அங்கே இருந்த டாக்டர் ஸ்ட்ரிப்பைப் பார்த்ததுமே, 'தினமும் சாப்பிட்டாங்களா?' என்றுதான் முதலில் கேட்டார். இந்த மருந்தில் இந்தத் தவறு உலகம் முழுக்க நடக்கிறதாம். நான் அப்புறம் தேடிப் படித்தேன். பிரிட்டனில் 2020இல் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே, எந்தக் கிழமை சாப்பிட வேண்டும் என்று நோயாளியோடு பேசி முடிவு செய்து, அந்தக் கிழமையைச் சுருக்காமல் முழுசாக எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. எங்கள் டாக்டர் கிழமையை எழுதத்தான் செய்தார். கவுண்டரைத் தாண்டி அது எங்களிடம் வந்து சேரவில்லை.

எனக்கு ஆறவே ஆறாதது ஒன்று. பில்லை எடுத்துப் பாருங்கள்: மெத்தோட்ரெக்சேட் 30, ஃபோலிக் ஆசிட் 10. ஒரு மாதத்துக்கு எழுதிய சீட்டுக்கு நான்கு மெத்தோட்ரெக்சேட் போதும். வாரம் ஒன்று என்றால் 30 மாத்திரை கிட்டத்தட்ட ஏழு மாதத்துக்கு வரும். கம்ப்யூட்டரில் அந்த எண்ணை அடித்தவர், எடுத்துக் கொடுத்தவர், கவரில் எழுதியவர், மேலே வார்டில் 'மருந்து வாங்கியாச்சா' என்று டிக் அடித்த நர்ஸ், ஒருவருக்கும் உறுத்தவில்லை. உறுத்த வேண்டிய ஆள் அங்கே இல்லை என்பதுதான் உண்மை. கவுண்டருக்கு மேலே லைசென்ஸ் ஃபிரேமுக்குள் ஒரு பார்மசிஸ்ட்டின் பெயர் தொங்குகிறது. பிறகு நான் மூன்று வெவ்வேறு நேரங்களில் போய் அவரைப் பார்க்க வேண்டும் என்றேன். 'லஞ்ச் போயிருக்கார்', 'இன்னிக்கு லீவு', 'நீங்க என்ன விஷயமா?' என்று மூன்று பதில் கிடைத்தது. 1948ஆம் வருஷத்து பார்மசி சட்டத்தின் 42ஆவது பிரிவு, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டியது பதிவு பெற்ற பார்மசிஸ்ட் என்கிறது.

மருத்துவமனை மருந்துக்கடை என்றால் நாம் எல்லோரும் விலையைப் பற்றித்தான் புலம்புகிறோம். அதில் நியாயம் இருக்கிறது. 2018இல் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் டெல்லி வட்டாரத்தில் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்து, சில பொருள்களில் 1,737 சதவீதம் வரை லாபம் வைத்ததாகச் சொன்னது. எங்களிடமே வாங்கு என்று கட்டாயப்படுத்தும் பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மார்ச்சில் மாநில அரசுகள் கொள்கை முடிவு எடுக்கட்டும் என்று சொல்லி வழக்கை முடித்தார்கள். ஆனால் 4,860 ரூபாயில் எவ்வளவு அதிகம் பிடுங்கினார்கள் என்பது இப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. கட்டாயப்படுத்தி வாங்க வைத்த இடத்தில், வாங்கிய பொருளை ஒரு நிமிடம் விளக்கிச் சொல்ல ஆள் வைக்கவில்லையே, அதுதான் எரிகிறது.

பெரிய செலவு பிடிக்கிற காரியமும் இல்லை இது. இரண்டாவது மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் அன்று பார்மசிஸ்ட் அம்மா ஒருவர் கட்டிலுக்கே வந்தார். ஒவ்வொரு ஸ்ட்ரிப்பையும் சம்மரியோடு ஒட்டிப் பார்த்து, எது எதற்கு என்று தமிழில் சொல்லி, அப்புறம் 'இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க பாட்டி' என்று அம்மாவையே திருப்பிச் சொல்ல வைத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்து, ரத்தப் பரிசோதனை சரியான பிறகு மெத்தோட்ரெக்சேட்டை மறுபடி தொடங்கியபோது, நான்கே நான்கு மாத்திரைதான் தந்தார்கள். கவரில் சிவப்புப் பேனாவில் 'ஞாயிறு மட்டும்'. அந்த மாத்திரை அம்மாவுக்கு இப்போது நன்றாகக் கேட்கிறது. அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது சாப்பிட்டால், இப்போதே எழுந்து போய் சீட்டையும் ஸ்ட்ரிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

முதல் மருத்துவமனையில் மேனேஜர் உட்கார வைத்து டீ எல்லாம் கொடுத்தார். 'பேஷண்ட் சைடுலயும் ஒரு தடவை செக் பண்ணியிருக்கலாம் மேடம்' என்றார். அடுத்த முறை வந்தால் ரூம் வாடகையில் தள்ளுபடி தருகிறார்களாம். அடுத்த முறையா! கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதிமுறை. ஐந்தாம் நாள் கொடுத்தார்கள், அதுவும் விதி எண்ணை எழுதிக் காட்டிய பிறகு.

புகாரை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்துக்கும், தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்கிற நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் அனுப்பியிருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போகலாம்; மருத்துவமனைக்குக் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. அதற்கும் வக்கீலிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் பில், கவர், மிச்ச மாத்திரை எதையும் தூக்கிப் போடாதீர்கள். நான் புகார் கொடுக்கப் போன இடத்தில் எல்லோரும் முதலில் கேட்டது கவரைத்தான்.

வருகிற புதன்கிழமை மருந்து ஆய்வாளர் வரச் சொல்லியிருக்கிறார். இரண்டு கவரையும், 24 மாத்திரை மிச்சம் இருக்கும் அந்த ஸ்ட்ரிப்புகளையும் ஜிப் பையில் போட்டு வைத்திருக்கிறேன். அம்மாவும் கூட வருகிறேன் என்கிறார். 'எனக்குப் படிக்கத் தெரியும்னு அவர்கிட்ட நான்தான் சொல்லணும்' என்கிறார்.