கோத்தகிரியில் போக்கர்: ரம்மிக்காரர், மூணு சீட்டுக்காரர், அப்புறம் நான்

போக்கர் ஆடுகிறவர்களை முதலில் இரண்டாகப் பிரிப்பார்கள். வருகிற கைகளில் பெரும்பாலானவற்றைக் கீழே போட்டுவிட்டு நல்லது வந்தால் மட்டும் இறங்குகிறவர் இறுக்கம். கிடைத்ததையெல்லாம் ஆடிப் பார்க்கிறவர் தளர்வு. இரண்டிலும் மறுபடி இரண்டு வகை உண்டு: தானே ரெய்ஸ் பண்ணி, அதாவது தொகையை ஏற்றி, அடுத்தவரை யோசிக்க வைப்பவர், அடுத்தவர் போட்டதற்கு ஈடு கட்டிக்கொண்டே போகிறவர். இந்த நாலு கட்டத்தில் எல்லோரையும் அடைத்துவிடலாம் என்பது எங்கும் கிடைக்கும் பாடம். கோத்தகிரியில் சில வருஷமாக ஏறக்குறைய அதே ஆட்களுடன் ஆடியதில் எனக்குத் தோன்றுவது இது: ஒருவர் எந்தச் சீட்டாட்டத்தில் வளர்ந்தார் என்று தெரிந்தால் போதும், அவர் போக்கரை எப்படி ஆடுவார் என்று முக்கால்வாசி சொல்லிவிடலாம்.

எங்கள் ஆட்டம் டெக்சாஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் பொதுவாக ஐந்து. முதலில் திறக்கும் மூன்று ஃப்ளாப், அடுத்த ஒன்று டர்ன், கடைசி ரிவர். காசு கிடையாது. காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லை, அதாவது சிப், எல்லோருக்கும் சமமாகக் கொடுத்துவிடுவோம். முதலில் காலியாகிறவர் அடுத்த வாரம் டீயும் வர்க்கியும் வாங்க வேண்டும். கைபேசியில் பணம் கட்டி ஆடிக்கொண்டிருந்தவர்களும் எங்களில் உண்டு. தமிழ்நாட்டில் 2022 சட்டம் அதைத் தடை செய்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி, அந்த இரண்டையும் தடையிலிருந்து விடுவித்தது. 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசின் சட்டம் வந்து, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் மொத்தத்துக்கும் பூட்டுப் போட்டது. இப்போது அவர்களும் இந்த பிளாஸ்டிக் சிப்புக்கே வந்துவிட்டார்கள். எனக்கு இதில் வருத்தமில்லை.

சரி, ஆட்களுக்கு வருவோம். மேஜையில் மூத்தவர் ஓர் இலை ஏஜென்ட். சுற்றுவட்டச் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை எடுத்து ஃபேக்டரிக்கு அனுப்புகிறவர். நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். பதின்மூன்று சீட்டு ரம்மியில் ஊறினவர். ரம்மியில் கை சரியில்லையென்றால் எடுத்தவுடன் ஸ்கூட் விடலாம், 20 பாயின்ட்டோடு போகும். கொஞ்சம் ஆடிப் பார்த்துவிட்டு விட்டால் 40. நின்று மாட்டிக்கொண்டால் 80 வரை ஏறும். இந்தக் கணக்கு பழகினவருக்குக் கையைக் கீழே போடுவது தோல்வியாகவே தெரியாது. போக்கர் கற்றுக்கொள்கிறவர்கள் பல மாதம் பாடுபட்டுப் பழகும் பொறுமை அவருக்கு முதல் நாளே இருந்தது.

ஆனால் ரம்மியில் எதிராளியைப் பயமுறுத்தி வெளியே அனுப்ப முடியாது. அவரவர் கையை அவரவர் சேர்த்து முடிக்க வேண்டும், அவ்வளவுதான். மாமாவிடம் ராஜா ஜோடி வந்தாலும் சும்மா ஈடு கட்டிவிட்டு, ஃப்ளாப் என்ன வருகிறது பார்ப்போம் என்று உட்கார்ந்திருப்பார். அந்த மலிவான விலைக்கு நாலு பேர் உள்ளே வந்துவிடுவார்கள். அதில் ஒருவருக்கு ஏஸ் ஜோடி சேர்ந்துவிடும். அப்புறம் “இந்த ஆட்டத்துல நல்ல கைக்கு மரியாதையே இல்லப்பா” என்று புலம்பல். எப்போதாவது அவரே ரெய்ஸ் பண்ணினால் மேஜை மொத்தமும் கீழே போட்டுவிடும். அவர் கையில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியுமே.

இப்படி ஈடு மட்டும் கட்டி நுழைவதை லிம்ப் என்பார்கள். 2019-இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து உருவாக்கிய ப்ளூரிபஸ் என்ற நிரல், ஆறு பேர் ஆடும் மேஜையில் தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களையே வென்றது. மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைப் பார்க்காமல், தனக்குத் தானே ஆடியே கற்றுக்கொண்ட அதுவும் கடைசியில் லிம்ப்பைக் கைவிட்டது. சீட்டு வாங்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் தொகைதான் பிளைண்ட்; முழுதும் போடுகிறவர் பெரிய பிளைண்ட், பாதி போடுகிறவர் சின்ன பிளைண்ட். பாதித் தொகை ஏற்கெனவே போட்டுவிட்ட அந்தச் சின்ன பிளைண்டுக்கு மட்டும் விதிவிலக்கு. மாமாவிடம் இதைச் சொன்னேன். “அது மெஷினு, அதுக்கு வயசாகல” என்றார்.

அவருக்கு நேர் எதிர் ஜீப் ஓட்டும் அண்ணன். அவர் மூணு சீட்டு ஆள். அங்கே சீட்டைப் பார்க்காமலே ஆடலாம்; பார்த்தவர் அதைப்போல இரண்டு மடங்கு போட வேண்டும். துணிச்சலுக்கு விதியே பாதி விலைத் தள்ளுபடி கொடுக்கிறது. போக்கரில் அந்தத் தள்ளுபடி கிடையாது, ஆனால் அண்ணன் இருப்பது போலவே ஆடுவார். எதை வைத்தும் ரெய்ஸ், எதற்கும் மறு ரெய்ஸ். இரண்டு சீட்டும் ஒரே சூட்டாக, அதாவது ரெண்டும் ஸ்பேடு அல்லது ரெண்டும் டைமன் என்று, இருந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது.

“அண்ணே, ஏழும் ரெண்டும் வச்சுக்கிட்டா இவ்வளவு போட்டீங்க?”

“ரெண்டும் ஸ்பேடு தம்பி!”

ஒரே சூட்டில் இரண்டு சீட்டு வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ், அதாவது ஐந்தும் ஒரே சூட், விழுவது நூற்றுக்கு ஒன்றுகூடக் கிடையாது, 0.84 சதவீதம். அண்ணனுக்கு இன்னொரு குழப்பமும் பல நாள் இருந்தது. அடுத்தடுத்த எண்ணாக வந்தால் ரன்; எல்லாம் ஒரே சூட்டானால் கலர், ஃப்ளஷ் என்பதும் அதுதான். மூணு சீட்டில் ரன்தான் கலரை வெட்டும், போக்கரில் கலர் ரன்னை வெட்டும். யாரோ வேண்டுமென்றே மாற்றி வைத்தது இல்லை இது. மூன்று சீட்டு எடுத்தால் ரன் 720 விதமாகத்தான் வரும், கலர் 1,096 விதமாக வரும். ஐந்து சீட்டுக்குப் போனால் அது தலைகீழ்: ரன் 10,200, கலர் 5,108. எது அரிதோ அதற்கு மதிப்பு. இதை ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எழுதிக் காட்டிய பிறகுதான் தகராறு நின்றது.

இருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்களை மாமாவைவிட அண்ணன்தான் அதிகம் திணற அடிப்பார். அவர் கையில் எதுவும் இருக்கலாம் என்பதே பெரிய தொல்லை. ஆக்ரோஷம் என்பது கோபமோ வீராப்போ கிடையாது. எதிராளி கீழே போட்டால் ஒரு வெற்றி, போடாமல் நின்று நம் கை பெரிதானால் இன்னொரு வெற்றி. ஈடு கட்டுகிறவருக்கு இரண்டாவது வழி மட்டும்தான்.

எங்களில் நன்றாக ஆடுகிறவர் இந்த இரண்டு பேரும் இல்லை. அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் ஓய்வு பெற்ற பாலக்காட்டுக்காரர், சேட்டா. அவர் வளர்ந்தது ஐம்பத்தாறு ஆட்டத்தில். அது கூட்டாளிகள் சேர்ந்து ஏலம் கேட்டு ஆடுவது. யார் எதைக் கேட்டார், எந்த இடத்தில் நிறுத்தினார் என்பதிலிருந்தே அவர் கையைக் கணிக்க வேண்டும். சேட்டா போக்கரிலும் தன் சீட்டைவிட மற்றவர்கள் போடும் தொகையையும் வரிசையையும்தான் பார்ப்பார். முதலில் பேச வேண்டிய இடத்தில் உட்கார்ந்தால் கஞ்சன், கடைசியில் பேசும் இடம் வந்தால் தாராளம். எல்லோரும் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது எவ்வளவு பெரிய வசதி என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அவரை இறுக்கம், தளர்வு என்று எதில் சேர்ப்பது? இடத்துக்கு இடம் மாறுகிறார்.

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டைக் கண்டால் அம்மா அடுப்பில் போட்டுவிடுவாள். எனக்குப் பழைய ஆட்டம் என்று எதுவும் இல்லாததால் எண்களிலிருந்துதான் தொடங்கினேன். குறைந்த கைகள், இறங்கினால் ரெய்ஸ் என்கிற இறுக்கமான ஆக்ரோஷம்தான் என் வழி. பயன்படுத்திப் பார்த்த வரையில் அதன் முதல் பாதி அப்படியே தாங்குகிறது. இரண்டாவது பாதியில்தான் நிறைய மாற்ற வேண்டியிருந்தது.

ப்ளஃப்பை எடுத்துக்கொள்வோம். நடுவில் 300 இருக்கும்போது வெறுங்கையோடு 150 போட்டால், அது நட்டமில்லாமல் போக மூன்றில் ஒரு தடவையாவது எதிராளி கீழே போட வேண்டும். காசில்லாத மேஜையில் யார் கீழே போடுவார்? என்னதான் வச்சிருக்கே பார்ப்போம் என்று வந்துவிடுவார்கள். 2003-இல் லாஸ் வேகஸ் உலகப் போட்டியில் கிறிஸ் மனிமேக்கர் என்ற கணக்காளர், ஒரு கத்துக்குட்டி, 25 லட்சம் டாலர் வென்றதை எல்லோரும் சொல்வார்கள். கடைசியில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சியபோது, ஒரு கையில் ஒன்றுமில்லாமலே மொத்தத்தையும் தள்ளினார். ஒன்பதில் ஒரு ஜோடி வைத்திருந்த எதிராளி சாம் ஃபார்ஹா கீழே போட்டார். அதைப் பார்த்துவிட்டு என் மருமகன் கோயம்புத்தூரிலிருந்து வந்து எங்கள் மேஜையில் அதே மாதிரி தள்ளினான். அண்ணன் நாலில் ஒரு ஜோடியோடு வந்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டார். எதிரே கீழே போடத் தெரிந்தவர் இருந்தால்தான் அந்த வித்தை செல்லும்.

அதனால் எங்கள் மேஜையில் நான் ப்ளஃப்பை ஏறக்குறைய விட்டுவிட்டேன். நல்ல கை வந்தால் பெரிதாகப் போடுகிறேன், தயங்காமல். ஏஸ் ஜோடி ஒரே ஓர் எதிராளிக்கு எதிரே 85 சதவீதம் ஜெயிக்கும். ஐந்து பேர் கடைசிவரை கூடவே வந்தால் அது 49-க்கு இறங்கிவிடும். ஆகவே முதல் சுற்றிலேயே விலையை ஏற்றிக் கூட்டத்தைக் குறைப்பதுதான் வேலை. வழக்கமாகச் சொல்வதுபோல் பெரிய பிளைண்டின் மூன்று மடங்கு போட்டால் எங்கள் ஆட்களுக்கு அது அழைப்பிதழ். ஆறு மடங்கு போட்டால்தான் இரண்டு பேராவது விலகுகிறார்கள்.

ஃப்ளஷுக்கு ஒரு சீட்டு குறைவாக இருக்கும்போது வரும் ஆசையையும் கணக்கில்தான் அடக்க முடிகிறது. ஃப்ளாப்பில் 300 இருக்க எதிராளி 150 போடுகிறார் என்றால், நான் வருவதற்கு 25 சதவீத வாய்ப்பு வேண்டும். அடுத்த சீட்டில் ஃப்ளஷ் முடிவது 19 சதவீதம்தான். இரண்டு சீட்டும் பார்த்தால் 35, ஆனால் டர்னுக்கு அப்புறம் இன்னொரு தடவை காசு கேட்பார்களே. ஃப்ளஷ் முடிந்தால் பெரிதாகத் தேறும் என்று தெரிந்த ஆளிடம் மட்டும் வருவேன். அண்ணனிடம் எப்போதும் வருவேன்.

ஆட்ட முறையை எந்தப் பாடத்தையும்விட அதிகம் மாற்றியது எங்கள் விதி ஒன்றுதான். முன்பு காலியானவர் மறுபடி சிப் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. அது இருந்தவரை மாமாகூடத் தளர்ந்துவிட்டார். அதை எடுத்துவிட்டு, பிளைண்ட் தொகை அரை மணிக்கு ஒரு தடவை ஏறும் என்று வைத்தோம். அன்றிலிருந்து சிப்புக்கு மதிப்பு வந்தது, கீழே போடவும் ஆரம்பித்தார்கள். காத்துக்கொண்டே இருப்பவரையும் ஏறுகிற பிளைண்ட் தின்றுவிடுகிறது.

மலையில் ஆடுகிறவர்களுக்குச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காகிதச் சீட்டு இங்கே உதவாது. ஐப்பசி, கார்த்திகை மழை கோத்தகிரிப் பக்கம் பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள்ளேயே ஈரம். சீட்டு உப்பும், இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு வரும், பரிமாறினதையே மறுபடி கலைக்க வேண்டும். மூலை மடிந்த டைமன் ராணியை எங்கள் மேஜையில் முதுகைப் பார்த்தே எல்லோரும் சொல்வார்கள். முழு பிளாஸ்டிக் கட்டு விலை அதிகம்தான், ஆனால் துணியால் துடைத்தால் போதும், வருஷக்கணக்கில் வருகிறது. சிப் எதுவானாலும் பரவாயில்லை.

இப்போது குன்னூரிலிருந்து செஸ் ஆடும் வாத்தியார் ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார். சரியாக ஆடிவிட்டு ரிவரில் தோற்றால் அவரால் தாங்க முடியவில்லை. அந்தக் கையைக் காகிதத்தில் எழுதிவைத்து, மறுவாரம் கொண்டுவந்து எங்கே தப்பு என்று கேட்கிறார். தப்பே இல்லை சார், அவருக்குச் சீட்டு விழுந்தது என்று நானும் சேட்டாவும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.