குத்துச்சண்டை நேஷனல்ஸுக்குத் தயாராகிற பிள்ளைக்கு இந்த ஹெட்கார்டு தாங்குமா?

பெரியமேட்டில் ஒரு கடையில் வாங்கியது. மீரட் தயாரிப்பு. கன்னத்தை மூடாத போட்டி வகை ஹெட்கார்டு, அதாவது பஞ்சு வைத்த தலைக்கவசம், மீடியம் சைஸ், சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று. ஒன்றுக்கு 1,900 ரூபாய் சொன்னார்கள், ஜோடியாக எடுத்ததால் 3,400க்கு முடிந்தது. பெட்டியில் 'சர்வதேசத் தரம்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அந்தத் தரத்தை யார் கொடுத்தது என்று பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் தெரியாது. என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண்பிள்ளைகள் தலைகளில் சில மாதங்களாக மாறி மாறி ஏறி இறங்கியிருக்கிறது. அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

இணையத்தில் இந்தப் பொருளுக்கு நட்சத்திரம் போட்டிருப்பவர்களில் பாதிப் பேர் ஜிம்மில் தொங்கும் பயிற்சி மூட்டையைக் குத்துகிறவர்கள். மூட்டை திருப்பிக் குத்தாது. அவர்களுக்கு எது வாங்கினாலும் சரிதான். சீனியர் ஆண்களும் இதைப் படிக்க வேண்டாம், அவர்கள் போட்டியில் ஹெட்கார்டே போடுவதில்லை. மிச்சம் இருப்பது பெண்களும் ஜூனியர் பிள்ளைகளும். அவர்களுக்குப் போட்டி விதிப்படி இது கட்டாயம்.

இந்த விதி வந்து போன கதை கொஞ்சம் வேடிக்கையானது. நம் நாட்டு அமெச்சூர் குத்துச்சண்டைக்கு 1949இல் கூட்டமைப்பு அமைந்தது. அடுத்த வருஷமே முதல் தேசியப் போட்டி, பம்பாய் பிரபோர்ன் மைதானத்தில். கிரிக்கெட்டுக்குப் பேர்போன இடத்தில் குத்துச்சண்டை! அன்றைக்கு யார் தலையிலும் எதுவும் கிடையாது. அப்புறம் ராணுவத்திலிருந்து வந்த ஹவா சிங், 1961 தொடங்கி ஹெவிவெயிட்டில் தொடர்ச்சியாகப் 11 முறை தேசியப் பட்டம் வாங்கினார். நடுவில் 1966, 1970 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வேறு. அத்தனையும் வெறும் தலையோடு. ஹெவிவெயிட்காரர்களின் குத்தை இத்தனை வருஷம் வெறும் தலையில் வாங்கிய மனிதர், ஓய்வுக்குப் பிறகு ஹரியானாவின் பிவானியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். பிவானியில் இருந்து இன்றைக்கு எத்தனை குத்துச்சண்டைக்காரர்கள் வருகிறார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஹெட்கார்டு கட்டாயமானது. நம் தமிழ்நாட்டு தேவராஜன் 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கியதெல்லாம் ஹெட்கார்டு காலத்தில்தான். என் வாத்தியார் அதற்கு முந்தைய தலைமுறை. அவருக்கு இந்தப் பொருளைக் கண்டாலே ஆகாது. "தலைக்கு மூடி போட்டுட்டா தலையை ஆட்டவே மறந்துடுவீங்க" என்பார். கடைசியில் அவர் பக்கமே காற்று அடித்தது. 2013இல் உலகக் கூட்டமைப்பு சீனியர் ஆண்களுக்கு ஹெட்கார்டைக் கழற்றிவிட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறும் தலையோடு ஏறினார்கள். 1980 மாஸ்கோவுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஹெட்கார்டு இல்லாவிட்டால் மூளை அதிர்ச்சி குறைகிறது என்பது அவர்கள் வாதம். புருவம் கிழிவது கூடியது என்பது எதிர்வாதம். பெண்களை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்றால், பெண்களைப் பற்றிப் போதிய ஆய்வு இல்லையாம். இத்தனை வருஷம் யார் ஆய்வு செய்யாமல் இருந்தது என்று கேட்டால் பதில் வராது.

சரி, பொருளுக்கு வருகிறேன். ஹெட்கார்டு எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதைப் பெற்றோர் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். புருவம், காது, மண்டைத்தோல், தலையும் தலையும் மோதிக்கொள்வது, இதற்கெல்லாம் நல்லது. உள்ளே மூளை குலுங்குவதை இது தடுக்காது, எந்த விலையில் வாங்கினாலும் தடுக்காது. கடைக்காரர் வேறு மாதிரிச் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இந்த மீரட் ஹெட்கார்டின் பெரிய பலம் பார்வை. நெற்றிப் பட்டையை மேலே தூக்கி வெட்டியிருக்கிறார்கள், கன்னத்தில் பஞ்சு இல்லை. முன்பு நாங்கள் வைத்திருந்தது கன்னம் மூடிய ஸ்பாரிங் வகை, பயிற்சிச் சண்டைக்குப் போடுவது. அதைப் போட்டுக்கொண்டு என் மாணவி ஒருத்தி ஒவ்வொரு ரவுண்டிலும் அப்பர்கட், அதாவது கீழிருந்து மேலே வரும் குத்து, வாங்குவாள். "அக்கா, கீழருந்து வர்றதே தெரியல" என்று அழுவாள். இதில் அந்தப் புகார் போய்விட்டது. பதிலுக்குக் கன்னத்தில் ஹுக், அதாவது பக்கவாட்டுக் குத்து, சுள்ளென்று விழும். விழட்டும், கையை உயர்த்திப் பிடிக்க அதைவிட நல்ல பாடம் கிடையாது. பெரிய போட்டிகளில் அமைப்பாளர்கள் தருவதும் இந்த வெட்டில்தான் இருக்கும். பயிற்சியில் கன்னம் மூடியதைப் போட்டுப் பழகிவிட்டு அங்கே போய்த் திறந்ததைப் போட்டால் பிள்ளை மிரண்டுபோகும்.

எடை 420 கிராம், மளிகைத் தராசில் வைத்துப் பார்த்தேன். விதிப்படி 450ஐத் தாண்டக் கூடாது, அதனால் பரவாயில்லை. ஆனால் உள்துணி வியர்வையைக் குடிக்கிறது. மூன்றாவது ரவுண்டு முடிந்து கழற்றிக் கையில் வாங்கினால் கனம் தெரிகிறது. பெண்களுக்கு முன்பு இரண்டு நிமிட ரவுண்டுகள். 2017இலிருந்து ஆண்களைப் போலவே மூன்று நிமிடம், மூன்று ரவுண்டு. சென்னைப் புழுக்கத்தில் ஒன்பது நிமிடம் என்ன செய்யும் என்று மீரட்டில் யாரும் யோசித்த மாதிரித் தெரியவில்லை. பயிற்சி முடிந்ததும் உள்பக்கத்தைத் துடைத்து நிழலில் காயப்போடுங்கள். வெயிலில் போட்டால் ரெக்சின் வெடிக்கும்.

பின்னல்தான் நிஜமான சிக்கல். முடி முழுக்க ஹெட்கார்டுக்குள் அடங்க வேண்டும், இரும்பு கிளிப் கூடாது. இவர்கள் பின்பக்கத்தை ஒட்ட வெட்டிய தலைக்கு அளவெடுத்துத் தைத்திருக்கிறார்கள். இடுப்பு வரை முடி வைத்திருக்கும் பிள்ளை கொண்டை போட்டு உள்ளே திணித்தால், பின்னால் தூக்கி முன்னால் கண்ணுக்கு மேல் இறங்கிவிடுகிறது. ரெஃப்ரி நிறுத்திச் சரிசெய்யச் சொல்வார். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வேகம் அங்கேயே செத்துவிடும். நாங்கள் கண்டுபிடித்த வழி: இரட்டைப் பின்னல் போட்டு, மண்டையோடு ஒட்டிச் சுற்றி, மேலே பருத்தித் துணி கட்டி, அதற்கு மேல் ஹெட்கார்டு. அன்றைக்குத் தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது. இதை எத்தனை அம்மாக்களிடம் சொல்லிப் போராடியிருக்கிறேன்!

இதில் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. பெண்களுக்கான முதல் தேசியப் போட்டி நடந்ததே நம் சென்னையில்தான், 2001 பிப்ரவரியில். மணிப்பூரிலிருந்து வந்த மேரி கோம் இங்கே தங்கம் வாங்கினார். அதே வருஷக் கடைசியில் அமெரிக்காவில் ஸ்க்ராண்டன் நகரில் நடந்த முதல் பெண்கள் உலகப் போட்டியில் 48 கிலோ பிரிவில் வெள்ளி. அந்தச் சமயம் எங்கள் மன்றத்தில் பெண்கள் சைஸ் என்று ஒன்றே கிடையாது. பையன்களின் ஹெட்கார்டுக்குள் துண்டைத் திணித்துப் போட்டுக்கொள்வோம். அதற்குப் பிறகு பெண்கள் ஒலிம்பிக் வரை போய்விட்டார்கள், 2012இல் லண்டனில் அதே மேரி கோம் 51 கிலோவில் வெண்கலம் வாங்கிவிட்டார். ஹெட்கார்டு செய்கிறவர்கள் மட்டும் இன்னும் பையன் தலையையே அளந்துகொண்டிருக்கிறார்கள். ஹெட்கார்டு போட்டே ஆக வேண்டியவர்களில் பெண்கள்தான் முக்கியமானவர்கள், அவர்கள் தலைக்கு ஏன் தைக்கக் கூடாது?

நீலம் நன்றாக இருக்கிறது, வெளுக்கவில்லை. சிவப்பை வாங்கவே வாங்காதீர்கள். ஒரு மாவட்டப் போட்டியில் எங்கள் பெண் சிவப்பு மூலையில், சிவப்பு ஹெட்கார்டோடு ஏறினாள். இரண்டாவது ரவுண்டில் நெற்றியிலிருந்து சிவப்பாக வழிகிறது. ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் பஞ்சால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது சாயம்மா" என்றார். அரங்கமே சிரித்தது. எதிர்மூலைப் பெண் அந்த இடைவெளியில் நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டாள், அதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் கேட்டால், "உப்புத் தண்ணியில ஒரு தடவை ஊற வைங்க மேடம்" என்கிறார்கள். ஊற வைத்தோம். இன்னும் கொஞ்சம் இறங்குகிறது.

வெல்க்ரோ இதுவரை பிடிக்கிறது. தாடைப் பட்டையின் தையல் ஓரம் நீலத்தில் மட்டும் பிரிய ஆரம்பித்தது, செருப்புத் தைப்பவரிடம் 30 ரூபாய்க்கு இரட்டைத் தையல் போட்டதில் புதியதைவிட உறுதியாகிவிட்டது. வாங்கிய அன்றே இதைச் செய்துவிடுவது நல்லது. 50 கிலோவுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மீடியம் பெரிது, ஸ்மால் கேளுங்கள். கடையில் வெறும் தலையில் போட்டுப் பார்த்து வாங்க வேண்டாம். பின்னல் போட்டு, துணி கட்டி, வாயில் கம் ஷீல்டும் (பல்லுக்கான காப்பு) வைத்துக்கொண்டு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளித்துக்கொள்ளட்டும். பில்லும் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் மாற்றித் தர மாட்டார்கள்.