கடைசல் உளிகளுக்குச் சாணையும் தீட்டலும்: ஆறு ஆண்டு அனுபவம்

வேப்பமரக் கிண்ணம் கடையும்போது, நார் எதிர்ப்பட்டு வெட்டுப்படும் இரண்டு பக்கங்களில் மட்டும் பரப்பு பிய்ந்து சொரசொரப்பாக நிற்பதைக் கண்டு, முதல் இரண்டு ஆண்டுகள் மரத்தையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். 80 கிரிட் (எண் கூடக்கூடத் துகள் நுண்மையாகும்) உப்புத்தாளால் அதைத் தேய்த்துச் சரிசெய்ய முயன்றால், மென்மையான பகுதி கூடுதலாகத் தேய்ந்து கிண்ணத்தின் வட்டமே குலைந்துவிடும். குறை உளியின் கூரில்தான் இருந்தது என்பதைச் சாணையை மாற்றிய பிறகே உணர்ந்தேன்.

அப்போது என்னிடம் இருந்தது, நிமிடத்துக்கு 2850 சுற்று ஓடும் 6 அங்குலச் சாணை இயந்திரமும், லாரி வில்பட்டையில் கொல்லர் அடித்துத் தந்த உளிகளும். அந்த வேகத்தில் கல்லின் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 22 மீட்டர் ஓடுவதால், சற்று அழுத்தினாலே உளியின் முனை நீலம் பாய்ந்து பதம் இழந்துவிடும். நீலம் பாய்ந்த பகுதியை முழுவதும் சாணையில் கழித்தால்தான் அந்த உளி மீண்டும் பயன்படும். ஹைஸ்பீடு ஸ்டீல் உளிகளுக்கு இந்த அச்சம் குறைவு. ஆனால் கார்பன் எஃகு உளியை முக்குவதுபோல அவற்றைச் சூட்டோடு தண்ணீரில் முக்கக் கூடாது, ஏனெனில் திடீர்க் குளிர்ச்சியால் விளிம்பில் நுண்ணிய விரிசல்கள் விழக்கூடும்.

நான்கு ஆண்டுகளாக, 1440 சுற்று ஓடும் 8 அங்குல இயந்திரத்தில் 180 கிரிட் சி.பி.என். சக்கரம் ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். கியூபிக் போரான் நைட்ரைடு என்னும் இப்பொருள் கடினத்தில் வைரத்துக்கு அடுத்தது. வைரமோ சூட்டில் இரும்போடு வினைபுரிந்து தேயக்கூடியது என்பதால், எஃகைச் சாணை பிடிக்க இதுவே ஏற்றது. வழக்கமான சாணைக்கல்லான வெள்ளைக் கல் தேயத் தேய அதன் விட்டம் குறைந்து, உளியைத் தாங்கும் தாங்கியில் வைத்த கோணமும் மாறிவிடும். அதைச் சமன்படுத்தும்போதெல்லாம் பட்டறை முழுவதும் தூசி பறக்கும். இந்தச் சக்கரத்தில் அந்தத் தொல்லை இல்லை. விலை பல மடங்கு அதிகம் என்பதும், பதமேற்றாத மென்மையான இரும்பை இதில் பிடித்தால் சக்கரம் அடைத்துக்கொள்ளும் என்பதும் இதன் குறைகள். வில்பட்டை உளிகளை வடிவம் மாற்ற வேண்டியபோது இன்றும் வெள்ளைக் கல்லையே நாடுகிறேன்.

சக்கரத்தைவிட எனக்குப் பெரிதாகக் கைகொடுத்தது, சூடேறாமல் கையால் தீட்ட உதவும் 600 கிரிட் வைரத் தகடு. சக்கரத்தில் பிடித்த உளியின் சாய்முகம், அதாவது கூர்விளிம்பை நோக்கிச் சரியும் முகம், வட்டத்தின் வளைவை ஏற்று நடுவில் சற்றுக் குழிந்திருக்கும். அதன்மீது தகட்டை வைத்தால் அடிப்பகுதியிலும் கூர்விளிம்பிலும் மட்டுமே படியும். அந்த இரண்டு இடங்களும் படிந்திருப்பதைக் கை உணர்ந்த பிறகு, நான்கைந்து முறை இழுத்தாலே போதும், விளிம்பு மீண்டும் கூர் பெற்றுவிடும். தகடு இம்மியளவு தூக்கப்பட்டாலும் விளிம்பு உருண்டு, சாய்முகம் மரத்தில் சாய்ந்து நிற்க இயலாமல் உளி இடறும். முதல் ஆண்டில் ஸ்கியூ உளியை (விளிம்பு சாய்வாக அமைந்த உளி) அப்படிப் பலமுறை கெடுத்திருக்கிறேன். சாய்முகத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டுத் தீட்டினால், மை அழியும் இடமே நம் கையின் பிழையைக் காட்டிவிடும். இப்படி மழுங்கும்போதெல்லாம் தீட்டி, நான்கைந்து தடவை ஆனபின் குழிவு மறைந்துவிடும் என்பதால், அப்போது சக்கரத்துக்குத் திரும்ப வேண்டும்.

எல்லா உளிக்கும் தீட்டல் தேவை என்று நான் கருதவில்லை. தொட்டில் கம்புகளில் மணி போன்ற உருண்டை வடிவம் கடையும் ஸ்கியூ உளிக்கு, இருபுறமும் தீட்டிய விளிம்பு தரும் பளபளப்பை வேறெதுவும் தருவதில்லை. சுரண்டும் உளிக்கோ சக்கரம் விட்டுச்செல்லும் பிசிறே வெட்டும் விளிம்பு. அதைத் தீட்டி அகற்றினால் உளி சீவாமல் தூளாக உதிர்க்கும். கிண்ணம் கடையும் குழியுளியைச் சக்கரத்திலிருந்து எடுத்த கையோடு பயன்படுத்துகிறேன், உட்குழியில் தங்கும் பிசிறை மட்டும் உருண்டையான சிறு கல்லால் நீக்கிவிடுகிறேன். தேக்கில் சிலிக்கா இருப்பதால் விளிம்பு விரைவில் மழுங்குகிறது. பூவரசில் ஒருமுறை தீட்டினால் கிடைக்கும் நேரத்தில் பாதிகூடத் தேக்கில் கிடைப்பதில்லை.

விளக்கின் கீழ் விளிம்பைத் திருப்பிப் பார்ப்பேன். மெல்லிய வெள்ளைக்கோடு மின்னினால் கூர் போய்விட்டது என்று பொருள். கடைசி வெட்டுக்கு முன் இந்தச் சோதனையைத் தவறவிடுவதில்லை. அதே வேப்பமரக் கிண்ணங்களுக்கு இப்போது 180 கிரிட் உப்புத்தாளிலிருந்து தொடங்குகிறேன்.