வெள்ளம் வடிந்த ஊரில் வாடகைக் காவடி

2024 ஜனவரி 15, பெலால் புயல் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸின் தெருக்களில் கார்களை இழுத்துக்கொண்டு போனது. தைப்பூசம் 25ஆம் தேதி. இடையில் பத்தே நாள். இந்த நிலையில் காவடி வேண்டுமா? வேண்டும், ஆனால் வீடுகளில் சேறு அள்ளி முடித்த பிறகு, எளிமையாக. பூசத்தைத் தள்ளிவைக்க முடியாது, ஊர்வலத்தைச் சுருக்கலாம்.

அதற்கு வாடகைக்குக் கிடைக்கும் காவடிச் சட்டகம் தோதானது. தோள்பலகை நன்றாக இழைத்திருக்கிறது, பால் செம்பு மாட்டும் கொக்கிகளும் உறுதி. கோளாறு மூங்கில் வளைவில்தான். வெள்ளத்தில் ஊறிக் காய்ந்த மூங்கில் நார் பிரியும், மேலே பெயிண்ட் இருந்தால் தெரியாது. இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள். கிறீச்சிட்டால் அங்கேயே மாற்றிக் கேளுங்கள்.

செம்பைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். ஆனால் மூன்று முறையாவது அலசுங்கள், ஒட்டியிருக்கும் புளி பாலைத் திரித்துவிடும். மின்சாரம் போய்வரும் நாட்களில் பிரிட்ஜை நம்பாமல் பாலை அன்று காலையே காய்ச்சி, முழுக்க ஆறவிட்டு ஊற்றுங்கள். சூட்டோடு வாயைக் கட்டினாலும் பால் கெடும்.

காவடிக் கடையில் உடலில் குத்தும் அலகும் வாடகைக்குத் தருகிறார்கள். அது மட்டும் கூடவே கூடாது, புதிது வாங்குங்கள். வெள்ள நீர் கலந்த ஆற்றில் முழுகாதீர்கள்: குத்திய இடம் எலிக்காய்ச்சலுக்குத் திறந்த கதவு. கரையில் ஒரு டிரம் குழாய்த் தண்ணீர் போதும்.

அலங்காரத்துக்குப் பூ தேடி அலையவேண்டாம். புயல் சாய்த்த தென்னையில் குருத்தோலை நிறையக் கிடைக்கும்.