டர்பன் கரைக்கு எந்த ரீல்? திறந்து பார்த்து ஓர் ஒப்பீடு

ஷாட் மீன் பிடிக்க அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை தடை. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் கரையில் தூண்டில் போடுகிறவர்கள் ரீலை முழுசாகப் பிரித்து மாட்ட இதைவிட நல்ல சமயம் அமையாது. மேசைக்கு வருபவை மூன்று வகை: ஸ்கார்பரோ, பல் சக்கரம் வைத்து வேகமாகச் சுற்றும் மல்டிப்ளையர், இங்கே காபி கிரைண்டர் என்று பேர் வாங்கிவிட்ட ஸ்பின்னிங் ரீல். எவ்வளவு தூரம் எறியும், எவ்வளவு இழுக்கும் என்றுதான் கடையில் பேசுவார்கள். உப்பும் மணலும் உள்ளே போன பிறகு எது எவ்வளவு வேலை வாங்கும் என்று பார்த்தால் வரிசையே மாறிவிடும்.

ஸ்கார்பரோவில் கெட்டுப்போக அதிகம் இல்லை. பல் சக்கரம் கிடையாது; மீன் இழுக்கும்போது நரம்பை (தூண்டில் இழையை) இறுக்கம் குறையாமல் விட்டுக்கொடுக்கும் டிராக்கும் கிடையாது. கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு, நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலும் ஒரு சுற்று, பிரேக் உள்ளங்கைதான். நட்டைக் கழற்றி ஸ்பூலை உருவி, அச்சைத் துடைத்து, பேரிங்குகளைக் கழுவி கிரீஸ் வைத்தால் பத்து நிமிடத்தில் முடிந்தது. உறுமல் கேட்டால் பேரிங் துரு. ஒரு பக்கம் இடித்து ஆடினால் அச்சு வளைந்திருக்கும்; தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள், புது அச்சுதான் வழி. கராஜில் தொங்கும் தாத்தா காலத்து ரீல் இன்றும் சுற்றுவதற்கு இந்த எளிமையே காரணம். எறியப் பழகுவதுதான் கஷ்டம்.

மல்டிப்ளையரில் வேலை கூடுதல், ஆனால் எல்லாம் கைக்கு எட்டும். பக்கத் தட்டைக் கழற்றினால் ஸ்பூல் வெளியே வந்துவிடும். அதன் இரண்டு பேரிங்குகளையும் லைட்டர் பெட்ரோலில் ஊறவைத்து, உலர்த்தி, ஆளுக்கு ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள். கிரீஸ் அடைத்தால் எறிதூரம் போச்சு. படகிலிருந்து அடியில் இறக்கும் ரீலுக்கு மட்டும் கிரீஸ் சரி. அங்கே எறிவதில்லை, துருவைத் தடுப்பதே முக்கியம். இரண்டு முறை கழுவியும் விரலில் கரகரவென்று உணர்ந்தால் மாற்றிவிடுங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்து, 3×10×4 மில்லிமீட்டர் என்பது போலச் சொன்னால் பேரிங் கடையிலேயே கிடைக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று கேட்டு வாங்குங்கள்.

புதிதாகப் பிரிப்பவர்கள் தவறுவது, கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்கும் ஒருவழிக் கிளட்சில். பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஊசி ஊசியாக உருளைகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் மயிரிழை ஸ்பிரிங். அங்கே கெட்டி கிரீஸ் போனால் உருளைகள் குழாயைக் கவ்வாது. மீன் இழுக்கும் நேரத்தில் கைப்பிடி பின்னால் சுற்றி விரலில் அடிக்கும். கழுவி, மெல்லிய எண்ணெய் தடவி, ஏறக்குறைய உலர்ந்தது போலத் துடைத்துவிட்டால் போதும். பல் சக்கரங்களுக்குத்தான் கடல் கிரீஸ் தாராளமாக. டிராக்கின் கார்பன் வாஷரும் உலோக வாஷரும் மாறி மாறி வரும். கழற்றும்போதே அடுக்கைப் போனில் படம் எடுத்து, முட்டைத் தட்டில் குழிக்கு ஒன்றாகப் போட்டு வையுங்கள். ஓர் அடுக்கு இடம் மாறினாலும் பிடிமானம் குறையும்.

திருகு வராவிட்டால் முரட்டுத்தனம் வேண்டாம். அலுமினியச் சட்டத்தில் எஃகுத் திருகு, நடுவில் உப்புத் தண்ணீர்: அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாக உப்பி, மரையை இறுக்கிக்கொள்ளும். துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, சால்டரிங் அயர்ன் முனையால் திருகின் தலையைச் சூடாக்கி, தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரால் முதலில் கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். திரும்ப மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவினால் அடுத்த வருடம் இந்தப் பாடு இல்லை.

காபி கிரைண்டர்தான் அதிகம் படுத்தும். முதலில் சாவது நரம்பு உருளை, அதாவது நரம்பு வளைந்து ஸ்பூலுக்குப் போகும் சின்னச் சக்கரம். ஈர நரம்பு கொண்டுவரும் உப்பு நேராக அதற்குள் இருக்கும் சின்னப் பேரிங்கில் இறங்குகிறது. உருளை நின்றுவிட்டால் பிரெய்டு (பின்னிய நரம்பு) அதன்மேல் உரசி, நாளடைவில் நகக்கண் அளவுக்குப் பள்ளம் போடும். பிறகு நல்ல நரம்பும் காரணமே தெரியாமல் அறும். நரம்பை இழுத்துப் பிடித்துக் கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள், உருளையும் சேர்ந்து சுற்ற வேண்டும். உடலைத் திறந்தால் பெரிய பல் சக்கரத்தின் பக்கம் 0.1 மில்லிமீட்டர் போன்ற மெல்லிய வளையங்கள் கிரீஸோடு ஒட்டிக்கொண்டு வரும். துணியோடு அதைத் துடைத்துப் போட்டுவிட்டால், மாட்டிய பிறகு பற்கள் அரைக்கும்.

டாய்வா ரீல்களில் காந்த எண்ணெயால் தண்ணீரைத் தடுக்கும் மேக்சீல்டு அடைப்பு இருக்கும் இடத்தில் எண்ணெய் விடவே கூடாது; காந்தத்தில் நிற்கும் எண்ணெய் கலைந்துவிடும். பென் ஸ்லாமர் போன்ற சீல் வைத்த ரீல்கள் உப்பை நன்றாகத் தாங்கும். ஆனால் சீல் தேய்ந்து உள்ளே போன தண்ணீர் எளிதில் வெளியே வராது என்பதால் அதையும் வருடம் ஒருமுறை திறக்கத்தான் வேண்டும்.

கழுவுவது மூன்றுக்கும் ஒன்றே. டிராக் உள்ளதில் அதை இறுக்கி, பச்சைத் தண்ணீரை மெதுவாக ஓடவிடுங்கள். ஹோஸ் பைப்பைப் பீய்ச்சினால் உப்பு இன்னும் உள்ளேதான் போகும். வெந்நீர் கிரீஸை இளக்கும். டபிள்யூடி-40 ஸ்ப்ரே இறுகிய திருகுக்கு நல்லது, பல் சக்கரத்தில் அடித்தால் இருக்கும் கிரீஸும் போகும். மணலில் விழுந்த ரீலின் கைப்பிடியைச் சுற்றாமல் முதலில் அலசுங்கள்.

அலையும் மணலும் மேலே வந்து விழும் இடத்தில் நின்று ஷாட்டும் கேரிக் மீனும் பிடிப்பவருக்கு மல்டிப்ளையரைத்தான் சொல்வோம். படகில் அடிமீனுக்கு ஸ்கார்பரோ. பியரில் (கடலுக்குள் நீளும் பாலத்தில்) நின்று இலேசான ஸ்பூன் (மீனை ஏமாற்றும் உலோகத் தகடு) எறிபவருக்கும் பழகும் பிள்ளைகளுக்கும் காபி கிரைண்டர். அதை வாங்கும் அன்றே நரம்பு உருளைக்கு ஒரு பேரிங் கூடுதலாக வாங்கி வையுங்கள். டிசம்பர் 1 வரை ரீல் சும்மா இருக்கும் நாளெல்லாம் டிராக் தளர்ந்தே இருக்கட்டும். இறுக்கி வைத்தால் வாஷர்கள் அமுங்கி, முதல் மீனுக்கே நரம்பு வெட்டி வெட்டி இறங்கும்.