பண்ணையில் நாய் உண்டா? குடற்புழு மருந்தை வேறு விதமாகத் தேர்ந்தெடுங்கள்

மாட்டுக்கோ குதிரைக்கோ குடற்புழு மருந்து வாங்கும்போது புழுவையும் விலையையும்தான் பார்ப்போம். தொழுவத்தைச் சுற்றி வரும் நாயையும் கணக்கில் சேர்த்தால், எந்த மருந்து என்பதைப் போலவே அது ஊசியா, குழலில் வரும் பசையா (பேஸ்ட்) என்பதும் முக்கியமாகிவிடும்.

முதலில் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து. சாதாரண நாய் கிலோவுக்கு சுமார் 2 மில்லிகிராம் வரை தாங்கும். ஆனால் கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு போன்ற மேய்ச்சல் நாய்கள் பலவற்றுக்கு எம்டிஆர்1 மரபணுவில் குறை உண்டு. மூளைக்குள் புகும் மருந்தை வெளியே தள்ளும் புரதம் அவற்றில் வேலை செய்யாது. கிலோவுக்கு 0.1 மில்லிகிராமே நஞ்சாகிவிடலாம். கலப்பின நாய்க்கும் இந்தக் குறை இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது, மரபணுச் சோதனையில்தான் தெரியும்.

20 கிலோ எடையுள்ள, இந்தக் குறை கொண்ட ஒரு நாய்க்கு ஆபத்து 2 மில்லிகிராமில் தொடங்குகிறது. ஆட்டுக்கு வாயில் ஊற்றும் 0.08 சதவீத மருந்தில் அது 2.5 மில்லி. 1 சதவீத ஊசி மருந்தில் வெறும் 0.2 மில்லி. குதிரைக்கான 1.87 சதவீதப் பசையிலோ கிராமில் பத்தில் ஒரு பங்கு போதும், ஒரு மிளகளவுதான். குதிரை தலையைச் சிலுப்பித் துப்பும் பட்டாணி அளவுப் பசையில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் மருந்து இருக்கும். முழுக் குழலில் சுமார் 113 மில்லிகிராம். அதைக் கடித்துத் தின்றால், குறை இல்லாத 20 கிலோ நாய்க்கும் நஞ்சாகிவிடும். பல பசைகளில் ஆப்பிள் சுவை வேறு சேர்க்கிறார்கள்.

மாக்சிடெக்டின் என்ற மற்றொரு புழு மருந்தின் பசை இன்னும் மோசம். 2 சதவீதச் செறிவு, நாயின் கொழுப்பில் பல நாட்கள் தங்கும். நாய் உள்ள இடத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

மாட்டுக்கு ஐவர்மெக்டினை ஊசியாகப் போடுவதா, முதுகில் ஊற்றுவதா என்றால் ஊசிதான். 400 கிலோ மாட்டுக்கு 8 மில்லி ஊசியில் 80 மில்லிகிராம் உள்ளே போய்விடும், வெளியே சொட்டாது. அதே மாட்டின் முதுகில் 40 மில்லி ஊற்றினால் 200 மில்லிகிராம் தோலின் மேல் கிடக்கும். நாய் அதை நக்கும். எந்த வழியில் கொடுத்தாலும் பெரும்பங்கு மாறாமல் சாணத்தில்தான் வெளியேறும். பசை தின்ற குதிரையின் சாணத்தில் முதல் சில நாட்களில்தான் மிக அதிகம், அந்த நாட்களில் நாயைக் கட்டி வையுங்கள்.

குடற்புழு மட்டும்தான் சிக்கல் என்றால் ஃபென்பெண்டசோல் தெளிவான வெற்றியாளர். மாட்டுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம். நாய்க்கே அதைப்போல் பத்து மடங்கை, 50 மில்லிகிராமை, மூன்று நாள் கொடுக்கிறார்கள். ஆனால் சொறிக்கும் பேனுக்கும் உதவாது. பல மந்தைகளில் புழுக்கள் இதற்குப் பழகியும் விட்டன. எனவே கொடுக்கும் முன்பும் 14 நாள் கழித்தும் சாணத்தில் முட்டை எண்ணிக்கை பாருங்கள். அதே குடும்பம்தானே என்று அல்பெண்டசோலை இதற்குச் சமமாக எண்ண வேண்டாம், அது நாயின் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். லெவமிசோலில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு: எச்சில் ஒழுகும், வாந்தி வரும், உடல் நடுங்கும்.

மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசி மருந்திலேயே நாய்க்கும் இரண்டு சொட்டு கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: இதயப்புழுத் தடுப்புக்கு 20 கிலோ நாய்க்குத் தேவை 0.12 மில்லிகிராம், அதாவது 0.012 மில்லி. சாதாரண சிரிஞ்சில் அதைச் சரியாக அளக்க முடியாது.

ஐவர்மெக்டினோ மாக்சிடெக்டினோ தின்ற நாய் கண்மணி விரிந்து, தள்ளாடி, சுவரில் முட்டினால் மருந்துக் குழலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து எவ்வளவு தின்றது என்று கணக்கிடுவார். தள்ளாடும் நாயை வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாந்தி நுரையீரலுக்குள் போகும். இந்த நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது. பித்தநீரோடு நஞ்சு குடலுக்குத் திரும்பத் திரும்ப வருவதால் அதை உறிஞ்சும் மருத்துவக் கரியைப் பல தடவை கொடுக்க வேண்டியிருக்கும், சில நாய்களுக்குக் கொழுப்புக் கரைசலை நரம்பில் ஏற்றுவார்கள். பல நாள் கவனிப்பில் பிழைத்தால் பார்வையும் பெரும்பாலும் திரும்பிவிடும்.

பசைதான் கொடுக்க வேண்டும் என்றால்: நாயைக் கட்டுங்கள், குதிரையின் வாயில் தீவனம் இல்லாதபோது நாக்கின் அடிப்பகுதியில் வையுங்கள், விழுங்கும் வரை தலையை உயர்த்திப் பிடியுங்கள். துப்பியதை மண்ணோடு வழித்தெடுத்து, குழலோடு மூடிய டப்பாவில் போடுங்கள்.